ஒரு ரிங்

அந்த வீட்டில் யாரும் "போய்ச் சேர்ந்துட்டேன்" என்று சொல்லக் கூடாது. "சேர்ந்துட்டேன்" என்று மட்டும்தான் சொல்லலாம். முன்னால் ஒரு 'போய்' ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் அப்பாவின் முகம் சுண்டிவிடும். "போய்ச் சேர்றவங்க வேற ஆளுங்க. நீ சேர்ந்தா போதும்" என்பார். தலை நரைக்கத் தொடங்கிவிட்ட மூத்த மகன்கூட வெளியூரிலிருந்து பேசும்போது அந்தப் 'போய்'யை நாக்கு நுனியில் பிடித்து விழுங்கிவிட்டுத்தான் மேலே பேசுவான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரே அவர் சரி செய்த பெட்டிகளில் நிம்மதியாக ஏறி இறங்கியது. அவருக்குத்தான் நிம்மதி என்பது மருந்துக்கும் கிடையாது. காலையில் வேலைக்குப் போன அவருடைய அப்பா மாலையில் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பது மறுநாள்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அன்றைக்கு இவருக்கு மீசைகூட அரும்பவில்லை. தம்பியையும் தங்கையையும் இடுப்பில் தூக்காத குறையாக வளர்த்து, படிக்க வைத்து, இரண்டு பேருக்கும் ஒரு வழி செய்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். அதற்குள் பயம் அவரோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டிருந்தது. தம்பி சினிமாவுக்குப் போய் வரக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனையில் போய் நிற்பார். கேட்டால் காற்று வாங்க வந்தேன் என்பார். மழையில்கூட அவர் காற்று வாங்கியிருக்கிறார் என்று சித்தப்பா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்கு ஃபோன் வந்ததும் சட்டம் போட்டார். யார் எங்கே போனாலும், சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு ரிங். ஒன்றே ஒன்று. அடித்ததும் வைத்துவிட வேண்டும், யாரும் எடுக்கக் கூடாது. ரிங் தொடர்ந்து அடித்தால் ஏதோ ஆகிவிட்டது, ஓடி வந்து எடு என்று அர்த்தம். அதனால் அந்த வீட்டில் இரண்டாவது ரிங் கேட்டால் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பார்கள். அம்மா கரண்டியோடு நிற்பார். எடுத்துப் பார்த்தால் யாரோ ஒரு பெண் இனிமையான குரலில் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்பாள். போன உயிர் திரும்பி வந்த கோபத்தில் அம்மா அவளைத் திட்டித் தீர்ப்பார்.

கைக்குக் கை செல்ஃபோன் வந்தும் சட்டம் மாறவில்லை. பேசலாமே, மெசேஜ் அனுப்பலாமே என்று வீட்டு மாப்பிள்ளை கேட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் அது எடுபடவில்லை. மாமனாருக்குக் 'கன்ட்ரோல் ரூம்' என்று பெயர் வைத்ததோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் அவரும் ஆபீஸ் படியேறியதும் ஒரு ரிங் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

எல்லோரிடமும் ரிங் வாங்கிய மனிதர் தான் மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. "எனக்கென்ன, நான் எங்க போயிடப் போறேன்" என்பார். தொழிலிலும் அப்படித்தான். லிஃப்டைப் பழுது பார்த்து முடித்தால் உச்சி மாடியிலிருந்து கீழே வரைக்கும் தான் மட்டும் தனியாக ஒரு தடவை இறங்கி வருவார். அதுவரைக்கும் உள்ளே ஒரு ஈ காக்காயை விடமாட்டார்.

இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்து அவர் மேலேயே திருப்பியவள் சின்னவள். ஒரே மகள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. கணவனோடும் மகளோடும் அதே வீட்டு மாடியில் இருந்தாள். அப்பாவின் மூக்கு அண்ணனுக்குப் போயிற்று. பயம் முழுவதும் இவளுக்கு வந்தது. சென்ற கோடையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இவள்தான் கன்ட்ரோல் ரூம். அவர் கடைக்குப் போனாலும் மாடிச் சன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேலையை விட்டு வருஷக்கணக்கான பிறகும் பழைய கட்டிடக்காரர்கள் அவரை விடுவதாக இல்லை. ஒரு நாள் காலை, ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது, புதுப் பையன்களுக்குப் பிடிபடவில்லை என்று ஆள் வந்தது. அப்பா டூல்ஸ் பையைத் தூக்கிவிட்டார். சின்னவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நின்றுபோன லிஃப்ட் என்றால் படி ஏற வேண்டுமே என்றாள்.

"லிஃப்ட்காரனுக்கு என்னைக்கும் படிதாம்மா. ஓடுற லிஃப்டுக்கு என்னை எவன் கூப்பிடப் போறான்?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. சேர்ந்ததும் எனக்கு ரிங் குடுங்க. எல்லாருக்கும் உள்ள சட்டம்தான் உங்களுக்கும்."

அவர் சிரித்துவிட்டார். வசமாக மாட்டிக்கொண்டோம் என்ற சிரிப்பு. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. கன்னம் வீங்கிய ஒருவர் மேசைமேல் சாய்ந்து, எனக்கு முன்னால் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது சின்னவளின் ஃபோன் அடித்தது. 'அப்பா' என்று மின்னியது. ஒரு ரிங், நின்றுவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. சேர்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "எங்கப்பா ரிங் குடுத்துட்டார் பாரேன், வாழ்க்கையிலேயே முதல் தடவை" என்று சொல்லிச் சிரித்தாள். வீங்கிய கன்னக்காரரிடம்கூட அதன் பிறகு அன்பாகப் பேசினாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் மறுபடி அடித்தது. இந்த முறை நிற்கவே இல்லை. அண்ணனின் நம்பர். இரண்டாவது ரிங்கிலேயே அவள் மேசையை விட்டு எழுந்துவிட்டாள்.

கட்டிடக்காரர்கள் அவனுக்குத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள். அப்பா மேல்மாடிப் படிக்கட்டில் சாய்ந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வீடு நிறைய ஆட்கள். சித்தப்பாதான் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணன் போய்ச் சேர்ந்துட்டார்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சின்ன வயதிலிருந்து அவர் விழுங்கி விழுங்கி வைத்திருந்த 'போய்' அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. நாலைந்து பேரிடம் சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த மூத்த மகனிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. அவளை ஒரே ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. அந்த ரிங் எதற்கு? சேர்ந்துவிட்டேன் என்று சொல்லவா, வலிக்கிறது வா என்று கூப்பிடவா? கூப்பிடத்தான் என்றால் ஏன் ஒன்றோடு நின்றது? அவர் கையிலிருந்து நழுவியதா? அதைவிடக் கொடுமையாக இன்னொன்று இருந்தது. வீட்டு ஆட்கள் யாராவது ஒரு ரிங்கோடு வைக்கத் தாமதித்தால், இரண்டாவது அடித்து எல்லோரும் பதறுவதற்குள் இவளே இந்தப் பக்கம் கட் பண்ணிவிடுவாள். வருஷக்கணக்கான பழக்கம். விரல் தானாகப் போகும். கன்னம் வீங்கியவரின் சண்டைக்கு நடுவே அன்றைக்கு ரிங் தானாக நின்றதா, இவள் விரல் நிறுத்தியதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தன் ஃபோனைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பார்க்கத்தான் துணிவு வரவில்லை. ஃபோனைக் குப்புறப் போட்டே வைத்திருந்தாள். சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாருடைய ஃபோன் ஒரு ரிங்கில் நின்றாலும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை; சொன்னால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவன் ஆறுதல் சொல்வான். அவளுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. பதில் வேண்டும், அந்தப் பதிலைக் கேட்கவும் பயம்.

அந்தக் கட்டிடத்தில் டூல்ஸ் பை அப்படியே இருக்கிறதாம், போய் எடுத்துக்கொண்டு வா என்று ஒரு நாள் அம்மா சொன்னார். அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தான். தட்டிக் கழிக்க வழியில்லாமல் சின்னவள் போனாள்.

வாட்ச்மேன் அப்பா வயதுக்காரர். கால் தாங்கித் தாங்கி நடப்பவர். அவளைப் பார்த்ததும் மகள் என்று கண்டுகொண்டார். அதே நெற்றி என்றார். பையை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். லிஃப்ட் கதவு வரைக்கும் நடந்தாள். அது இப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி வந்து, அப்பா எந்த இடத்தில் விழுந்தார் என்று கேட்டாள்.

வாட்ச்மேன் அவளை லிஃப்டில் மேலே கூட்டிப் போனார். ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவே படி திரும்புகிற இடம் அது. சின்னச் சன்னல், ஒரு தண்ணீர்க் குழாய். அன்றைக்குப் பையைத் தான்தான் தூக்கி வந்ததாக வாட்ச்மேன் சொன்னார். பாதி வழியிலேயே ஐயாவுக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டதாம். இங்கே வந்ததும் உட்கார்ந்துவிட்டாராம். வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று இவர் வற்புறுத்தினாராம்.

சின்னவள் இடைமறித்தாள். "ஃபோன் பண்ணாரா?"

"பண்ணாரும்மா. ஒரு தடவை அடிச்சுது, உடனே அவரே கட் பண்ணிட்டார். ஏங்க, பேசலையான்னேன். மக எடுத்துட்டா பேசணுமே, என் குரலைக் கேட்டா கண்டுபிடிச்சுடுவா, ஒரு ரிங் போதும், நிம்மதியா வேலையைப் பார்க்கட்டும்னு சொன்னார். நான் ஆள் கூப்பிடக் கீழே ஓடினேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு எவ்வளவு ஓட முடியும்? திரும்பி வந்தா அப்படியே சாஞ்சிருந்தார்."

சின்னவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். விரல் குற்றவாளி இல்லை. அந்த நிம்மதி வந்ததோ இல்லையோ, பின்னாலேயே பொல்லாத கோபம் வந்தது. எத்தனை வருஷமாக அந்த வீடு அந்த ஒற்றை ரிங்கை நம்பிச் சாப்பிட்டது, தூங்கியது. அதில் ஒருவர்கூடப் பொய் சொன்னதில்லை. கடைசியில் சட்டம் போட்டவரே பொய் சொல்லிவிட்டார். அதுவும் அவளுக்கு மட்டும், அவளுடைய சிரிப்புக்காக. "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க" என்று வாய்விட்டே கேட்டாள். அதன் பிறகு அழுகை அணை உடைந்தது. வாட்ச்மேன் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார்.

வீடு திரும்பும் வழியில், பையை மடியில் வைத்துப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. ஒரு ரிங். நின்றுவிட்டது. நீச்சல் போட்டிக்காகப் பள்ளியோடு வெளியூர் போயிருந்த அவள் மகள். தாத்தா சொல்லிக் கொடுத்த சட்டத்தை அவள் மறக்கவில்லை.

சேர்ந்துவிட்டாள். எப்போதும் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். இன்றைக்கு வரவில்லை. சின்னவள் மகளின் நம்பரை அழுத்தினாள். ஒரு ரிங் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதும் போயிற்று. அந்தப் பக்கம் மகள் பதறிப்போய் எடுத்தாள்.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் முழுசா அடிக்கிறே? சேர்ந்துட்டேன்னுதான் ரிங் குடுத்தேனே."

"குடுத்தே. பார்த்தேன்." சின்னவள் பையை இன்னொரு கையால் அணைத்துக்கொண்டாள். "இனிமே ரிங் வேண்டாம். நான் எடுக்கிற வரைக்கும் அடி. எடுத்ததும் பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. குரலைக் கேக்கணும்."

மகள், அங்கே குளத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.