முப்பத்திநாலாம் எண்ணுக்கு ஆஜர்

"நான் இருக்கிற வரைக்கும் இந்த வகுப்புல ஆப்சென்ட்னு ஒரு ஆளு கிடையாது!"

மூன்றாம் ஆண்டு வகுப்புத் தலைவர் தேர்தலில் கடைசி பெஞ்சின் மேல் ஏறி நின்று நம்மவர் முழங்கிய வாக்கியம் இது. பெஞ்சின் ஒரு கால் ஆடியது, அவர் ஆடவில்லை. எதிர்த்து நின்றவர் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வதாக வாக்களித்திருந்தார். பாவம், டெபாசிட் என்று ஒன்று இருந்திருந்தால் அதையும் இழந்திருப்பார்.

ஆஜர் என்பது நம்மவருக்கு வகுப்பு வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வாத்தியார் எண்ணைத்தான் கூப்பிடுவார். "ப்ரசன்ட் சார்" என்று சத்தம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் சிவப்பில் ஒரு வட்டம். இதற்காகத் தலையை நிமிர்த்தும் வழக்கம் அவருக்கு இல்லை. முகம் மாறும், எண் மாறாது என்பது அவருடைய கொள்கை.

இப்படிப்பட்ட ஆஜர் முதலாண்டில் ஆஜராக முடியாமல் தவித்தவர் என்றால் நம்புவது கடினம். இரண்டாவது வரிசையில், வாத்தியாருக்கு எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "பதினேழு" என்றதும் வாய் திறக்கும். காற்று மட்டும் வரும். சிவப்பு வட்டம் விழும். தொடர்ந்து பத்து வட்டம் விழுந்தால் வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும் என்பது துறையின் விதி. போயிற்று. அப்பா பதறி அடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கடா சுத்துற?"

"வகுப்புலதாம்பா இருந்தேன்."

"இருந்தியா? அப்புறம் ஏன்டா இல்லைன்னு எழுதியிருக்காங்க?"

இதற்குத் தத்துவத் துறையிலும் பதில் கிடையாது.

அவரைக் கைதூக்கி விட்டவன் விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த முப்பத்திநாலாம் எண்காரன். சாயங்காலம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாத்தியார் மாதிரியே நோட்டில் தலையைப் புதைத்துக்கொண்டு "பதினேழு!" என்பான்.

"ப்ர...சன்ட்..."

"டேய், இது கொசுவுக்கே கேக்காது. வயித்துலேருந்து எடு. உன் அப்பன் வீட்டு நிலத்தை எவனோ தன்னுதுங்கிறான்னு நெனச்சுக்கோ!"

மூன்று வாரம் இந்தப் பயிற்சி நடந்தது. பலன் பூஜ்யம். பிறகு ஒருநாள் முப்பத்திநாலுக்குக் காய்ச்சல். "எனக்கு ஒரு ப்ராக்ஸி போட்டுருடா" என்றான், அதாவது தனக்குப் பதிலாக இவர் குரல் கொடுத்துவிட வேண்டும். தன் எண்ணுக்கே வாய் திறக்காதவரிடம் இப்படிக் கேட்டது காய்ச்சலின் உச்சம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் "முப்பத்திநாலு" என்றதும் நம்மவர் தொண்டையிலிருந்து முப்பத்திநாலின் கட்டைக் குரல் புறப்பட்டு ஜன்னல் கண்ணாடியில் மோதித் திரும்பியது. வாத்தியார் கோடு போட்டார். சொந்தக் குரலில் வராத தைரியம் இரவல் குரலில் வந்துவிட்டது. பிறகு அந்த உற்சாகத்தில் சொந்த எண்ணுக்கும் சத்தம் வந்தது.

கலை வளர்ந்தது. ஒன்பதுக்கு மூக்கடைத்த குரல். இருபத்திரண்டுக்கு இப்போதுதான் ஓடிவந்த மூச்சிரைப்பு. நாற்பத்தொன்று கொட்டாவியோடு முடியும். இவர்கள் மூவரும் கேன்டீனில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர் நிமிர்ந்து நடந்தார். பெண்களிடம் நேரம் கேட்டார், கையில் கடிகாரம் இருந்தபோதே. கருத்தரங்கில் பேசினார். தலைவரும் ஆனார்.

அந்த மூன்றாம் ஆண்டில்தான் முப்பத்திநாலு எழுந்திருப்பதை நிறுத்தினான்.

முதல் நாள் "தலைவலிடா, போட்டுரு" என்றான். அடுத்த நாள் "இன்னைக்கும் போட்டுரு." பிறகு சொல்லவும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நம்மவர் ஒரு நாள் தவறாமல் போட்டார். மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்ததைப் பார்த்தார். பத்து நாளாக அதே சட்டை என்பதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு கிளம்பினார். நண்பனுக்கு உதவுகிறோம் என்ற திருப்தி முகத்துக்கு ஒரு களையைத் தரும்; தந்தது.

வாரம் ஒருமுறை முப்பத்திநாலின் அக்கா போன் செய்வாள். அவன் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்ததால் நம்மவர் எடுத்தார், அதே கட்டைக் குரலில்.

"நல்லா இருக்கேன்க்கா. படிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"குரலே தெம்பா இருக்கேடா! எனக்கு இப்பதான் உசுரு வந்துச்சு."

போனை வைத்துவிட்டுக் கைதட்டலுக்காகக் கட்டில் பக்கம் திரும்பினார். முதுகு தெரிந்தது.

இப்படி ஒன்பது வாரம். பத்து வட்டம் விழுந்திருந்தால் இரண்டாவது வாரத்திலேயே வீட்டுக்குக் கடிதம் போயிருக்கும். ஒரு வட்டம்கூட விழாமல் காத்தது நம்மவரின் தொண்டை.

பத்தாவது வாரம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். தம்பியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மனச்சோர்வு, இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, இந்தப் பருவத்தை விட்டு அடுத்த முறை படிக்கட்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு மறுநாள் துறைக்கு வந்தாள். நம்மவர் கதவோரம் நின்று கேட்டார்.

வாத்தியார் பதிவேட்டை விரித்தார். "ஒரு நாள்கூட லீவு இல்லையேம்மா! அவன் ப்ரசன்ட் சொன்னா கட்டடமே அதிரும். அப்படிப்பட்டவனுக்கு நோயா? இந்தத் தாள் பொய்யா, என் ரிஜிஸ்டர் பொய்யா?"

"சார், அவன் எழுந்து நடக்கவே..."

"தினம் வந்துட்டு டெஸ்ட் மட்டும் எழுதலைன்னா அதுக்குப் பேரு திமிரு. நாளைக்குச் சாயங்காலம் கமிட்டி. பேரை எடுத்துருவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்தவள் நம்மவரைக் கண்டாள்.

"நீ அவன் ரூம்தானே தம்பி? சொல்லுப்பா, அவன் வகுப்புக்குப் போனானா?"

"தெ...ரியலக்கா."

முதலாண்டுக் கொசுக் குரல். எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. அதனால்தான் ஒன்பது வாரம் போனில் கேட்ட குரலை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவள் தலையசைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து தம்பியின் அழுக்குச் சட்டையை எடுத்து, மடித்து, திரும்ப உள்ளே வைத்தாள்.

நம்மவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. ஒரு மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடும் வேலை. பதில் வராவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகமாட்டார். எழுந்து வராண்டா, படிக்கட்டு, குழாயடி எல்லாம் தேடுவார். "ஏன்யா இப்படி அலையுற?" என்றால் "முதுகு வலி, நடக்கச் சொல்லியிருக்காங்க" என்பார். முதுகில் ஒரு வலியும் கிடையாது.

அன்று அக்கா படியில் உட்கார்ந்ததற்கு மறுநாள் காலை வகுப்பு. உண்மையைச் சொன்னால் தலைவர் பதவி போகும், அவரும் கமிட்டி முன் நிற்க வேண்டும், கேன்டீனில் உட்காரும் மூவரும் தோலை உரிப்பார்கள். இதையெல்லாம் அவர் நன்றாக யோசித்திருந்தார். இரண்டாவது வரிசையில், பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒன்பது."

சத்தமில்லை. சிவப்பு வட்டம்.

"பதினேழு."

"ப்ரசன்ட் சார்."

இருபத்திரண்டுக்கும் சத்தமில்லை. பின்னால் யாரோ "டேய் ஆஜர், தூங்கிட்டியா?" என்று கிசுகிசுத்தார்கள்.

"முப்பத்திநாலு."

மின்விசிறி சுற்றியது.

"முப்பத்திநாலு?"

நம்மவர் எழுந்து நின்றார். கால் ஆடியது, இந்தத் தடவை பெஞ்சுடையது அல்ல.

"ஆப்சென்ட், சார்."

வாத்தியார் தலையை நிமிர்த்தினார். "நீ பதினேழு ஆச்சே? உன்னைக் கூப்பிட்டு முடிஞ்சுதே?"

"ஆமா சார். முப்பத்திநாலு ஆப்சென்ட். ஒன்பது வாரமா ஆப்சென்ட். இத்தனை நாளா ப்ரசன்ட் சொன்னது நான்தான் சார்."

 வாத்தியார் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"எந்தெந்த நாள்?"

"எல்லா நாளும், சார்."