மண்டையைத் தடவிப் பார்த்த முதலாளி

"பாசல், 1986 நவம்பர், செவ்வாய். அவனுக்குப் பரிமாறும் வேலை இல்லையாம். காரணம், மண்டை." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

'அவன்' என் அறைத்தோழன். இருவரும் சுவிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினோம். அங்கே பேசும் டொச், அதாவது ஜேர்மன் மொழியை அவன் என்னைவிட நன்றாகக் கதைப்பான். மேசைகளுக்குப் பரிமாற எடுப்பதாக முதலாளி அவனுக்குச் சொல்லியிருந்தார். அகதி விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்கிருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

முதலாளியின் அறையில் ஒரு பீங்கான் தலை இருந்தது. மொட்டை மண்டை முழுவதும் காணி பிரித்ததுபோலக் கோடுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு குணத்தின் பெயர். வேலையாட்களின் தலையைத் தடவிக் குணம் சொல்வது அவருடைய பொழுதுபோக்கு.

"ஊரிலை சாத்திரி கையைப் பாக்கிறமாதிரித்தானே மச்சான். நானும் காட்டப் போறன்" என்றான்.

"சும்மா கிட. வேலை கையிலை வரட்டும்."

"நல்லதாச் சொன்னால் கெதியா வருமெல்லோ!"

தானாகப் போய்த் தலையைக் குனித்தான். கேட்காமலே பிறந்த நட்சத்திரத்தையும் சொன்னான். முதலாளியின் விரல் காதுக்கு மேலே நின்றது. அந்த இடம் புடைத்திருக்கிறதாம், ஒளிவுமறைவுக்காரனாம், வாடிக்கையாளர் முன்னால் விட முடியாதாம்.

குழந்தையை முழுகவார்க்கும்போது தாய்மார் தலையை உருட்டிப் பிடிப்பது எங்கள் வழக்கம், புடைப்பு அதில் வந்தது என்று அவன் விளக்கினான். முதலாளி சிரித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

நான் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் வியன்னாவில் ஒரு வைத்தியர் தொடக்கிய கதை இது. மூளையில் ஒவ்வொரு குணத்துக்கும் தனி இடம் உண்டு, வளர்ந்த இடம் மண்டையோட்டை வெளியே தள்ளும் என்றார். சீடர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள், சங்கங்கள் வைத்தார்கள், மலிவுப் புத்தகங்களும் பீங்கான் தலைகளும் விற்றார்கள். வேலைக்கு ஆள் எடுக்கவும் கலியாணம் பேசவும் மண்டை தடவினார்கள். தங்கள் மண்டையே மேல் என்று நாடு பிடித்தவர்களுக்கும் அது வசதியாயிற்று. அறிவியல் அதை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது. எறிந்த குப்பையை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவனின் பிழைப்பை மறிக்க இந்த மனிதருக்கு என்ன உரிமை?

எங்கள் அறையில் இருந்தவர்களும் லேசானவர்கள் இல்லை. "சனி உன்ரை காதுக்கு மேலை குந்தியிருக்கு" என்று பகிடி பண்ணினார்கள். மண்டைச் சாத்திரம் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்கு வந்த பலன்தான் நல்லதில்லை என்றார்கள். எனக்கு அதுதான் கூடுதலாக எரிந்தது.

அவன் காதை மூடத் தலைமயிர் வளர்த்தான். வதிவிட அனுமதி கிடைத்ததும் ஃப்ரிபூர்க் நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே ஓர் உணவகத்தில் மேசைகளுக்குப் பரிமாறுகிறான் என்று கேள்வி. அதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.