ராஜாத்தி அக்காவின் வலது கை

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், காலையில் தலைக்கு மேலே தூக்கிய கையைச் சாயங்காலம்தான் இறக்க முடியும் என்று. ஓடைப்பட்டியில் முப்பது வருஷமாகக் கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவள் ராஜாத்தி அக்கா. எத்தனை கணு விட்டு வெட்டினால் காய் பிடிக்கும் என்று தோட்டக்காரரே அவளிடம்தான் கேட்பார். அவளுக்கு அடுத்த வரிசையில் நின்று வெட்டுகிறவள் நான், முனீஸ்வரி.

அக்காவுக்கு வலது மார்பில் புற்றுநோய் என்றதும், அவளோடும் அவள் புருஷன் அம்மாவாசி அண்ணனோடும் தேனி ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அங்கே ஒரே டாக்டர் முடிவு செய்வதில்லை. ஆபரேஷன் டாக்டர், கீமோ டாக்டர், கரண்டு வைக்கிற கதிர்வீச்சு டாக்டர், நர்ஸ் சமீனா எல்லாரும் நோயாளியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்கள்.

"அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்றார் ஆபரேஷன் டாக்டர்.

"வேலைக்கெல்லாம் போகல சார். வீட்டோட இருக்கா," என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேஷன் கார்டிலிருந்து பேங்க் ஃபாரம் வரைக்கும் எங்கள் ஊர் ஆம்பளைகள் இதைத்தான் சொல்வார்கள். பொண்டாட்டி கூலிக்குப் போகிறாள் என்றால் மீசை இறங்கிவிடுமாம். ஆனால் நாலு பேர் முன்னால் அவரைப் பொய்யனாக்க மனசு வராமல் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்னமும் என்மேலேயே எனக்குக் கோபம்தான்.

"அக்குள்ல ஒரு நெறிக்கட்டி வீங்கியிருக்கு. மார்புக் கட்டியோட அக்குள் நெறி எல்லாத்தையும் எடுத்துட்டு, அப்புறம் கீமோ குடுக்கலாம். கை வீங்கலாம், தூக்கி வேலை செய்றது கஷ்டமாகலாம். வீட்டோட இருக்கிறவங்கதானே, சமாளிச்சுக்கலாம்," என்றார் டாக்டர்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிய சமீனா, அவள் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது கத்திரி பிடிச்ச காய்ப்புல்ல? எங்க அத்தாவும் திராட்சைதான் போட்டிருக்காக. நீங்களே சொல்லுங்கம்மா."

"கவாத்து வெட்டுறேன் தாயி. கை போச்சுன்னா நான் பொழச்சு என்ன செய்ய?"

டாக்டர் எழுதிய தாளை ஓரமாக வைத்தார். டாக்டர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு கீமோ டாக்டர் சொன்னார்: "முதல்ல கீமோ குடுப்போம். நெறி சுருங்கினா, ஆபரேஷன் அன்னைக்கு நாலஞ்சு மட்டும் எடுத்து அங்கேயே சோதிப்போம். சுத்தமா இருந்தா மீதியை விட்டுடலாம். நோய் இருந்தா எல்லாத்தையும் எடுத்தே ஆகணும்."

"உசுருக்கு ஆபத்து கூடுமா சார்?" என்றாள் அக்கா.

"இல்லம்மா. கீமோ முன்னால குடுத்தாலும் பின்னால குடுத்தாலும் உயிருக்கு ஒண்ணுதான்."

அக்கா புருஷனைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

கீமோவில் முடியெல்லாம் கொட்டியது. நெறி சுருங்கியது. ஆபரேஷன் நாளும் வந்தது. "நெறி சுத்தமா இருந்தா பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிரும், இல்லாட்டி நேரமாகும்," என்று சமீனா சொல்லிவிட்டு உள்ளே போனாள். பன்னிரண்டு அடித்தது. ஒரு மணியும் ஆனது. வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. அண்ணனைத் திட்ட வேண்டும் என்று நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தையெல்லாம் பயத்தில் மறந்துபோனது.

ஒன்றரைக்குச் சமீனா வந்தாள். "தியேட்டர் லேட்டாத்தான் கிடைச்சுச்சு. நாலு நெறி எடுத்தாக. நாலும் சுத்தம்." நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் கைப்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒரு ஃபாரத்தோடு வந்தாள். "அம்மாவுக்கு என்ன வேலை?" என்றாள். அக்கா அரைமயக்கத்தில் கிடந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்து நின்று, தன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"பந்தல்ல கவாத்து வெட்டுறா. இப்படித்தான் நிப்பா, நாள் பூராவும்."

அந்தப் பெண் எழுதி முடித்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.