டானியலின் கத்தி

சபை உறவுகளே, போன வருடம் என் வீட்டில் நடந்ததை, நாட்குறிப்பில் அன்றன்று எழுதி வைத்தபடியே கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

வைகாசியில், வலை போடும் இடத்தைப் பற்றி வந்த சண்டையில், பக்கத்துத் தெருச் சந்திரன் என் கணவரைத் துடுப்பால் அடித்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கையால் அவர் இன்றும் கயிறு பிடிக்க முடியாது.

அதன்பின் எங்கள் மகன் டானியல் பேசுவதே குறைந்தது. பின்னேரங்களில் கிணற்றடிக் கல்லில் கத்தி தீட்டுவான். மீன் வெட்ட அவ்வளவு கூர் தேவையில்லை. மருதமுனையிலிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரி, நாங்கள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் ஹனீபா காக்காவே கவனித்துவிட்டார்.

"அக்கா, பொடியன்ட பார்வை சரியில்ல" என்றார்.

அவன் கையைக் கட்டிப்போடும் ஆண்டவரே என்று அழுது மன்றாடினேன். போதகர் ஐயாவிடமும் சொன்னேன். கடவுள் யாருடைய கையையும் கட்டுவதில்லை, சந்திரன் துடுப்பை ஓங்கியபோதும் கட்டவில்லை, அன்பு செய்யும்படி விட்ட கையால்தான் மனிதன் தீமையும் செய்கிறான் என்றார் அவர்.

"சந்திரனுக்காகவும் ஜெபம் பண்ணுங்க, தங்கச்சி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. டானியல் எழுந்து வெளியே போய்விட்டான். நான் அந்த ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆடி முடிவதற்குள் அவன் எழுந்து போவதை விட்டான். அந்தப் பெயருக்கு 'ஆமென்' மட்டும் சொல்லமாட்டான்.

மாரி தொடங்கிய முதல் சனிக்கிழமை காலை, கடல் மோசம். கரைக்கு வந்த சந்திரனின் படகில் வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அலை படகைத் திருப்பிப் போட்டது. சந்திரன் விழுந்தார். கால் வலைக்கயிற்றில் மாட்டி, தலை மேலே வரவில்லை. கரையில் நின்றவர்கள் தயங்கினார்கள்.

டானியல் ஓடினான். கையில் அந்தக் கத்தி.

"வேணாம் மகன்" என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை. முங்கினான். அந்த நேரத்தில் எனக்கு ஜெபமும் வரவில்லை.

சந்திரனின் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தபடி அவன் வெளியே வந்தான். அவர் காலில் அறுந்த கயிறு தொங்கியது. ஹனீபா காக்கா தன் மீன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார்.

"அக்கா, நீங்க பெத்ததுதான் புள்ள" என்றார்.

வீட்டில் தலை துவட்டத் துவாய் கொடுத்தபோது மகன் சொன்னான்:

"தண்ணிக்குள்ள ஆரும் பாக்கல்ல அம்மா. எதையும் வெட்டியிருக்கலாம். நான் கயித்த வெட்டினன்."

உறவுகளே, நான் கையைக் கட்டும்படி கேட்டேன். ஆண்டவர் கட்டவில்லை. அந்தக் கையைச் சுதந்திரமாக விட்டு, அதற்கு அன்பைக் கற்றுக்கொடுத்தார். என் மகனை நினைத்துப் பெருமைப்படுகிறேன். அவனை நம்பிச் சுதந்திரமாக விட்ட என் தேவனை நினைத்து அதைவிட. இப்போது எங்கள் படகைக் கரையேற்ற முதலில் தோள் கொடுப்பவர் சந்திரன்தான்.

உங்களுக்கும் சொல்ல முடியாத ஒரு பெயர் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாவது இன்று அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு இப்போது முதலில் ஆமென் சொல்வது டானியல்.