ஈரச் சிமென்டில் ஒரு புள்ளி

கற்பகம் ஆன்ட்டி போய்விட்டார் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் டேகேர் வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய செய்தியில் யாரோ இட்லி குக்கர் இரவல் கேட்டிருந்தார்கள்.  அவருக்கு நோய் முற்றியது தெரிந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவை ஒட்டிய எங்கள் ஊரின் பொதுப்பணித் துறையில் அவர் இன்ஸ்பெக்டர். சல்வாருக்கு மேல் ஆரஞ்சு வெஸ்ட், மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே குங்குமப் பொட்டு. திண்டுக்கல்காரர். ரோட்டில் குழி விழுந்தால் தன் பல் விழுந்ததுபோல் பதறுவார். எங்கள் தெருமுனையில்தான் வீடு. குழந்தைகளுக்கு அவர் 'பாட்ஹோல் ஆன்ட்டி'.

அப்போது எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாக்கள் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஷூ என்று கார் ஓடும் ரோட்டிலேயே வாக்கிங் போவார்கள். ஒருநாள் என் அம்மாவை உரசிக்கொண்டு ஒரு வேன் போனது. பயந்து புல்லில் விழுந்துவிட்டாள். சாயங்காலம் ஆன்ட்டி வந்து அவளுடைய முழங்காலைப் பார்த்தார். "இந்தத் தெருவுக்கு சைட்வாக் போடாம விடமாட்டேம்மா" என்றார்.

எதிர்த்தது யார் தெரியுமா? நம்மவர்களேதான்! வீட்டு முன் நடைபாதை வந்தால் அதில் விழும் பனியை வீட்டுக்காரர்தான் தள்ள வேண்டும். ஊர்க் கூட்டத்தில் என் பக்கத்து வீட்டு ரமணன் எழுந்து, "பேரன்ட்ஸ் வர்றது சம்மர்ல. விண்டர்ல முதுகு ஒடியப்போறது எனக்கு" என்றார். கைதட்டல் வேறு. ஆன்ட்டி சிரித்தார். "சரி ரமணன், உங்க வீட்டு ஸ்னோவ நான் தள்றேன். இப்ப ஓகேவா?"

சிமென்ட் போட்ட அன்று நடந்ததுதான் கூத்து. எங்கள் வாசலுக்கு நேரே ஈரச் சிமென்ட் பளபளப்பதை அம்மா பார்த்தாள். நம் ஊரில் புதுச் சிமென்ட் பூசிய வாசலைச் சும்மா விடுவோமா? கரண்டிக் காம்பால் அழகாக ஒரு புள்ளிக் கோலம் போட்டுவிட்டாள். கான்ட்ராக்டர் குதித்தார், உடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்றார். "போலீஸ் வருமாடி?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆன்ட்டி குந்தி உட்கார்ந்து, கோட்டின் ஆழத்தை அளந்து பார்த்தார். கால் தடுக்காது என்று தெரிந்ததும் கான்ட்ராக்டரிடம், "நான்-ஸ்லிப் ஃபினிஷ், கால் வழுக்காது. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்!" என்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, "நடுவுல ஒரு புள்ளி விட்டுப்போச்சேம்மா, காயறதுக்குள்ள வெச்சிருங்க" என்றார். அம்மா பயந்து கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஆன்ட்டியே கையுறையைக் கழற்றி, விரலால் அந்தப் புள்ளியை வைத்தார்.

சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ரமணன் வீட்டுப் பனியைத் தள்ளிவிட்டு, அவர் தரும் காபியைக் குடித்தபடி, "இந்தக் காபிக்கு ஸ்னோவையே காய்ச்சிக் குடிக்கலாம்" என்று அவரைக் கிண்டல் பண்ணுவார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதே கவலை. "இந்த விண்டர் ரமணன் வாசல யாரு தள்ளுவா? யாராவது வழுக்கி விழுந்துட்டா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் வாசலை அவர் தள்ளட்டும் ஆன்ட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க."

"கோவிச்சுக்காதடி. பாதை போடறது பெரிய விஷயமில்ல. போட்டதப் பாத்துக்கணும்" என்றார்.

அவரைத் தகனம் செய்த மறுநாள் பனி கொட்டியது. காலையில் வாசலில் பரக் பரக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் ரமணன், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி வீட்டு முன்னாடி முடிச்சுட்டேன். என்னுதும் ஆச்சு. உங்களுது இப்ப முடிஞ்சுரும்" என்றார். மூக்கை உறிஞ்சினார். குளிரால் அல்ல.

அவர் தள்ளிய இடத்தில் பள்ளமான கோடுகளில் மட்டும் பனி தங்கி, கோலம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது, அப்போதுதான் மாவால் போட்டதுபோல. படம் எடுத்து மதுரையிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அவ வெச்ச புள்ளி அப்படியே இருக்குடி" என்று அழுதாள்.

ஆன்ட்டியுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு விரல் புள்ளிதான். ரமணனிடமிருந்து பனி தள்ளும் ஷவலை வாங்கிக்கொண்டேன். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் ஊரிலிருந்து வந்திருக்கிறார், வாக்கிங் கிளம்பிவிடுவார்.