ஊசி ரவியின் படம்

பஸ் ஓட்டும் இரவீந்திரனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேலையிடத்திலும் வைத்தியரிடத்திலும்தான். ஒஸ்லோவின் புருசெத் பகுதித் தமிழ்ச் சனத்துக்கு அவன் ஊசி ரவி. பதினெட்டு வருடமாக அந்தப் பட்டம் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது.

ஒரு காலத்தில் வலைக்கு மேலே எழும்பி அவன் அடித்த பந்தை எடுக்க ஒஸ்லோவில் ஆள் இல்லை. தமிழ்க் கழகம் முதன்முதலாகக் கரப்பந்துக் கிண்ணம் தூக்கியதே அவன் கையால்தான். அடுத்த மாதம் ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் வந்து சீட்டுக் குலுக்கினார்கள். அவன் இலக்கம் விழுந்தது. மூத்திரத்தில் ஸ்டெரொயிட் இருந்தது. இரண்டு வருடத் தடை. சீட்டு விழாத அணித்தோழன் அரசரத்தினமும் அதே ஊசியை, அதே உடுப்பு மாற்றும் அறையில், அவனுக்குப் பக்கத்தில் இருந்து போட்டவன்தான். ரவி அதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

இப்போது அரசரத்தினம் கழகத் தலைவர். ட்வெய்ட்டாவில் உள்ள கழக அறைச் சுவரில் சிறந்த வீரர் ஒன்பது பேரின் படங்கள் தொங்குகின்றன. அரசரத்தினத்தின் படம் ஓரத்தில், கடைசியாக. முப்பதாவது ஆண்டு நிறைவுக்குப் பத்தாவதாக ரவியின் படத்தை மாட்டுவதா என்று முடிவெடுக்க ஞாயிறு பின்னேரம் கூட்டம் வைத்தார்கள். ரவி வேலைச் சட்டையோடே வந்து கதவோரக் கதிரையில் இருந்தான். அந்தச் சுவரைப் பாராமலே இத்தனை வருடம் வந்துபோனவன். இன்றைக்குப் படம் ஏறாவிட்டால் இனி இந்தப் படி மிதிப்பதில்லை என்று நினைத்துத்தான் வந்தான்.

சிறுவர் அணியைப் பழக்கும் உதயகுமாரி முதலில் எழும்பினாள்.

“ரவியண்ணை கோவிக்கக் கூடாது. ஊசி போட்டாலும் படம் போடுவியளோ எண்டு என்ரை பிள்ளையள் கேட்பினம். நான் என்ன சொல்லுறது?”

“அப்ப கிண்ணத்தைத் திருப்பிக் குடுப்பம்!” செயலாளர் நிருஜன் சீறினான். “அது அலுமாரிக்குள்ளை மினுங்குது. வெண்டு தந்த மனுசன் கதவடியிலை இருக்கிறார்.”

ரவி கதிரையில் இருந்தபடியே சொன்னான். “நான் போட்டனான். இல்லையெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. படத்துக்குக் கீழை அதையும் எழுதிப் போடுங்கோ.”

உதயகுமாரி கொஞ்சம் யோசித்தாள். “எழுதினால் எனக்குச் சம்மதம். பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுவன்.”

தலைகள் ஆடின. அரசரத்தினம்தான் மேசையில் தட்டினான்.

“எழுதிற கதை வேண்டாம்! பிறகு ஆர் குடுத்தது, ஆரார் போட்டது எண்டு சனம் கிண்டும். எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம். விடுங்கோ.”

அவன் ரவியின் முகத்தைப் பார்க்கவில்லை. ரவிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு சொல் போதும், தலைவரின் படம் இறங்கும். ஆனால் இத்தனை வருடம் மூடியிருந்த வாயைத் தன் படத்துக்காகத் திறந்தால், காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் ஊசியைவிட மோசமாகக் குத்தும்.

“பயப்பிடாதை மச்சான்,” என்றான். “ரவி போட்டவன் எண்டு மட்டும் எழுது.”

நிருஜன் முதலில் கையைத் தூக்கினான். பிறகு கைகள் உயர்ந்தன. கடைசியாக, அரசரத்தினத்தின் கை அரைவாசி உயர்ந்தது.

நிருஜன் சுத்தியலை அவனிடம் நீட்டினான். “தலைவர்தான் ஆணி அடிக்கவேணும். ரவியண்ணை, எங்கை மாட்டுறது?”

“அரசரத்தினத்தின்ரை படத்துக்குப் பக்கத்திலை. ஒட்டினாப்போலை.”

முதல் அடி ஆணியில் விழவில்லை. இரண்டாவதும் சுவரில்தான் விழுந்தது. ரவி எழும்பிப் போய் ஆணியைப் பிடித்துக்கொண்டான்.

“இப்ப அடி,” என்றான்.