பாஞ்சாலை போட்ட கல்யாணச் சாப்பாடு

பாஞ்சாலைக்குச் சாப்பாடு என்றால் உயிர். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. மலைமேல் புதூர்நாட்டைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவாள். பொம்பளைகள் பிறகு சாப்பிடட்டும் என்று யாராவது சொன்னால், "ஆறிப்போன கொழம்ப நீ தின்னு" என்பாள். கை கழுவியதும் சமைத்தவரைத் தேடிப் போய், கூட்டு நன்றாயிருக்கிறது, ரசத்தைத்தான் கொதிக்க விட்டுவிட்டாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போகும்.

அப்படிப்பட்டவளுக்குப் போன ஆவணியில் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. முதலில் சோறு, பிறகு களி, கடைசியில் கஞ்சியும் நின்றது. புருஷன் சின்னதம்பி அவளை வேலூருக்குக் கூட்டிப் போனான். உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். கஞ்சியும் பாலும் இனி அதன் வழியாகத்தான். நாக்கில் ஒன்றும் படாமலே வயிறு நிறைந்துவிடும்.

மகள் ரம்யாவின் கல்யாணம் வைகாசியில் என்று முன்பே பேசியிருந்தார்கள். டாக்டர் சின்னதம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அதுவரை தள்ளிப்போட வேண்டாம் என்றார். தையில் நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை பிரகாஷ் வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்பவன். மலையிலிருந்து இறங்கி ஆலங்காயத்தில் குடியேறிய குடும்பம். அங்கேதான் மண்டபம் பார்த்து வைத்திருந்தார்கள். ஆனால் பாஞ்சாலையால் மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பில் உட்கார்ந்து இறங்க முடியாது. அதனால் பெண் வீட்டு வாசலிலேயே பந்தல் போடுவதென்று ஆயிற்று.

சாப்பாடு பற்றிப் பேச மாப்பிள்ளையின் அம்மா ஆனந்தி கார்த்திகைக் கடைசியில் மேலே வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, ஆலங்காயத்துச் சமையல்காரர் சொன்னதைச் சொன்னாள். பூரி, காய்கறி பிரியாணி, சாம்பார், கடைசியில் ஐஸ்கிரீம்.

பாஞ்சாலையின் குரல் அப்போதே கம்மிப் போயிருந்தது. "தை மாசத்துல ஐஸ்கிரீமா? பல்லு கிட்டிக்குமே சம்பந்தி."

"கீழ எல்லாக் கல்யாணத்துலயும் வெக்கிறாங்க."

"கீழ வெக்கட்டும். இங்க எலையே பனியில நனஞ்சி கெடக்கும். பூரி ஆறுனா தோலு மாதிரி ஆயிடும். இந்த மாசத்துல நெலத்துல இன்னா கீதோ அதப் போடுவோம். பச்ச மொச்ச கீது, பரங்கிக்கா கீது, பச்சத் தொவர வந்துடும். புது சாம வூட்டுலயே கீது."

ஆனந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "சாமச்சோறு வேணாங்க. அதத் தின்னது போதும்னுதான் நாங்க கீழ எறங்குனோம். எங்க ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

பாஞ்சாலை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "செரி, சோறு நெல்லுச்சோறே போடுவோம். சாமையில பாயசம் வெக்கலாம். கொழம்பு மட்டும் மொச்சக் கொழம்புதான். அதுல கை வெக்காதீங்க" என்றாள். ஆனந்தியின் கண் பாஞ்சாலையின் புடவைக்கு வெளியே தெரிந்த குழாயின் நுனியில் போய் நின்றது. சரி என்று எழுந்துகொண்டாள்.

அவள் போன பிறகு சின்னதம்பி கேட்டான். "உன்னால ஒரு வாய் துன்ன முடியாது. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"முடியாதுன்னுதான் கேக்கறேன். மொச்சக் கொழம்பு, பரங்கிக்கா எல்லாம் வெளிய பரிமாறுனா, நான் படுத்துங்கெடந்தே நெனச்சிக்குவேன். நெனச்சா நாக்குல வரும். பிரியாணி, ஐஸ்கிரீமு எல்லாம் எனக்கு அப்படி வராது."



மார்கழியில் மூட்டம் போட்டது. வெயிலே எட்டிப்பார்க்கவில்லை. அவர்கள் நிலத்து மொச்சையில் அசுவினிப் பூச்சி விழுந்தது. கொடியெல்லாம் கறுத்து, பூ உதிர்ந்து, பிடித்த பிஞ்சும் சுருண்டுபோயிற்று. சின்னதம்பி அவளிடம் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "இன்னும் பால் புடிக்கல" என்று சமாளித்தான். ஒருநாள் கஞ்சி ஊற்ற வந்தவனின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். மொச்சைக் காட்டுக்குள் போய் வந்தவன் கையில் காயின் வாசனை போகாது. அவன் கையில் அது இல்லை.

"பூச்சி அடிச்சிடுச்சா?"

"ஆமா."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் கோணிகளை எடுத்துக்கொண்டு சின்னதம்பி ஜீப் ஏறினான். பிந்தி, பின்பட்டத்தில் விதைத்த மேட்டு நிலங்களில் மொச்சை தப்பியிருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போகாத ஊரில்லை. வாசலில் நின்று, பொண்ணு கல்யாணத்துக்குக் கொஞ்சம் மொச்சை வேண்டும் என்று கேட்பதற்குள் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கலையரசன் என்ற தூரத்துச் சொந்தக்காரன், "பாஞ்சால கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும் வீட்டிலிருந்தவர்களை எல்லாம் காட்டுக்குள் கூட்டிப் போய்ப் பறித்துக் கோணியில் கட்டிக் கொடுத்தான். மற்ற ஊர்களிலும் அவள் பெயரைச் சொன்னபோது கதவு திறந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்கள் பாஞ்சாலையின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மொச்சை உரித்தார்கள். அவளும் சில காய்களை உரித்தாள். பிறகு விரல்கள் ஓய்ந்துவிட்டன. சாயங்காலம் ருசி பார்க்க ஒரு சட்டி குழம்பு வைத்தார்கள். ரம்யா அதில் கொஞ்சம் கரண்டியில் எடுத்து வந்து அம்மாவின் நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். பாஞ்சாலை கண்ணை மூடி வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்தில் துப்பினாள்.

"தேங்கா இன்னும் கொஞ்சம் அரைக்கச் சொல்லு. பூண்டு செரியா கீது."

"போதுமாம்மா?"

"இன்னொரு சொட்டு வுடு."

அந்தச் சொட்டை அவள் துப்பவில்லை. விழுங்கப் பார்த்தாள். தொண்டை அதை ஏற்கவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. நிற்காமல் இருமி இருமி, கிண்ணத்தில் குழம்போடு ரத்தமும் விழுந்தது. ரம்யா கரண்டியை வீசிவிட்டு அம்மாவைத் தாங்கிக்கொண்டாள். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அழுதாள். பாஞ்சாலை அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பேச மூச்சு இல்லை.

மறுநாள் காலை தாலி கட்டியதும் மணமக்கள் உள்ளே வந்து கட்டிலருகில் விழுந்து கும்பிட்டார்கள். பாஞ்சாலையால் எழ முடியவில்லை. சின்னதம்பி அவள் கையைத் தூக்கி இருவர் தலையிலும் வைத்தான். பிறகு வெளியே பந்தி தொடங்கியது. குழம்பின் மணமும் இலை விரிக்கும் சத்தமும் ஜன்னல் வழியாக வந்தன. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

ஆனந்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். "சம்பந்தி, நான் மொச்சக் கொழம்ப ரெண்டு தரம் வாங்குனேன். எங்க ஆளுங்களுந்தான்."

"பாயசம்?"

ஆனந்தி தயங்கினாள்.

"சொல்லுங்க. நான் இன்னா வருத்தப்படவா போறேன்."

"கொஞ்சம் பேரு எலையிலயே வுட்டுட்டாங்க."

பாஞ்சாலை தலையை அசைத்தாள். ஆனந்தி அவள் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டு வெளியே போனாள்.

கூட்டம் குறைந்த பிறகு சின்னதம்பி கஞ்சியோடு வந்தான்.

"எல்லாரும் சாப்டாங்களா?" என்று கேட்டாள்.

"சாப்டாங்க."

"எனக்குப் பசிக்குது."

"அதான் கஞ்சி கொண்டாந்துட்டேன், இரு."

"அந்தப் பசி இல்ல" என்றாள்.

 குழாயைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியை ஊற்றினான். அவனால் முடிந்தது அதுதான்.

பனி இறங்குவதற்குள் போக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பைக் கிளப்பினார்கள். ரம்யா கட்டிலைவிட்டு நகர மறுத்தாள். "போ. பாத தெரியாமப் போய்டும்" என்றாள் பாஞ்சாலை. மகளிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்; அதன் பிறகு குரல் அடியோடு போய்விட்டது. மாசி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலையில் சின்னதம்பி பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் ரம்யா அப்பாவை ஆலங்காயத்துக்கு அழைத்துப் போனாள். சின்னதம்பிக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. மாடு இருக்கிறது, நிலம் கிடக்கிறது என்று காரணம் சொல்லி மேலே வந்துவிட்டான். இப்போது சாயங்காலமானால் டவர் கிடைக்கும் மேட்டில் போய் நிற்கிறான். ரம்யா கூப்பிடுவாள்.

"இன்னாப்பா ஆக்குன?"

களி என்பான், கீரை என்பான், வாய்க்கு வந்த பெயரைச் சொல்வான். பல நாள் அந்த வீட்டில் அடுப்பே எரிந்திருக்காது.